சிரட்டையில் ஓடிய குதிரை: வாசகர் கேள்வி பதில்

1940, 50களில் பிரிட்டிஷ் வானொலியில் கொடிகட்டிப் பறந்த நகைச்சுவை, தொடர் நாடக நிகழ்ச்சிகளைப் பற்றிப் போன இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதைப் படித்துவிட்டுக் குமரி மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

எங்கள் பாட்டா 1950களில் வீட்டு வால்வ் ரேடியோவில் பி.பி.சி. லைட் புரோகிராம் கேட்டதாக அம்மை சொல்வார். குளச்சலில் அது கேட்டிருக்குமா?
வாசகர், குளச்சல்

லைட் புரோகிராம் கேட்டிருக்காது. 1945 ஜூலை 29ல் தொடங்கிய அந்த அலைவரிசை பிரிட்டனுக்குள் இருப்பவர்களுக்கானது. ட்ராய்ட்விச் நிலையத்திலிருந்து 1500 மீட்டர் நெட்டலையில் வந்தது. நம் ஊரில் விற்ற செட்டுகள் பெரும்பாலானவற்றில் நெட்டலைப் பட்டையே இருக்காது.

பாட்டா கேட்டது சிற்றலையில் வந்த ஜெனரல் ஓவர்சீஸ் சர்வீஸாக இருக்கும். 1965ல் உலக சேவை என்று பெயர் மாறியது இதுதான். லைட்டிலும், இன்னொரு உள்நாட்டு அலைவரிசையான ஹோம் சர்வீஸிலும் பெயரெடுத்த நிகழ்ச்சிகள் இதிலும் வந்தன. ஆகவே அம்மை சொல்வதில் அலைவரிசையின் பெயர்தான் தவறு, நிகழ்ச்சி தவறாக இருக்க வேண்டியதில்லை. செய்திக்கு முன்னால் பிக் பென் மணியோசையோ 'லிலிபுல்லேரோ' என்ற அணிவகுப்பு மெட்டோ வந்தது அம்மைக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் சந்தேகமே வேண்டாம். பி.பி.சி. தமிழ் ஒலிபரப்பும் 1941 மே 3லிருந்தே இருந்தது.

அந்தக் காலத்தில் இதற்குத் தனி ஏரியல் கட்டுவார்கள். இரண்டு தென்னைகளுக்கு நடுவே 10 முதல் 15 மீட்டர் செம்புக் கம்பி, இரு முனையிலும் பீங்கான் இன்சுலேட்டர், அங்கிருந்து செட்டுக்கு ஓர் இறங்குகம்பி. ஆடிக் காற்றில் தென்னை ஆட்டம் போட்டால் இறுக்கிக் கட்டிய கம்பி அறுந்துவிடும். அதனால் ஒரு முனையைக் கப்பியில் ஓடவிட்டு, கயிற்றின் நுனியில் ஒரு கல்லைத் தொங்கவிடுவது வழக்கம். மரம் ஆடும்போது கல் ஏறி இறங்கும், கம்பி தப்பிக்கும். கடற்கரையில் இன்னொரு தொல்லை உப்புக்காற்று. முறுக்கி மட்டும் விட்ட இணைப்பில் சீக்கிரமே பச்சைக் களிம்பு ஏறிக் கரகரப்பு தொடங்கும். இணைப்பை ஈயப்பற்று வைத்து மெழுகு பூச வேண்டும். ஐப்பசி இடிமழைக் காலத்தில் ஏரியலைச் செட்டிலிருந்து கழற்றி நேராகத் தரையிணைப்பில் மாட்டிவிடுவார்கள். பாட்டாவும் அப்படிச் செய்திருப்பார்.

எங்கள் நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பழைய ரேடியோ பாணியில், மைக் முன் நின்று வாசிக்கும் 25 நிமிட நாடகம் போடுகிறோம். குதிரை, மழை, இடி, கடல், டெலிபோன் குரல் எல்லாம் வருகிறது. செல்போனில் பதிவிறக்கிப் போட்டால் போதுமா, கையால் செய்ய வேண்டுமா?
வாசகர், தக்கலை

கையால் செய்யுங்கள். நடிகர் ஒரு வரியைக் கொஞ்சம் இழுத்தால் கை காத்திருக்கும், பதிவு காத்திருக்காது. பி.பி.சி.யில் இசைத்தட்டில் பதிந்த ஒலிகளும் இருந்தன. ஆனால் கதவு, காலடி, கோப்பை, குதிரை போன்றவற்றை அதே அரங்கில் நடிகர்களின் அருகே நின்று ஒருவர் கையால்தான் செய்தார்.

முதலில் குதிரை. அதற்கு வேண்டிய பொருளுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. முற்றிய தேங்காய் ஒன்றைச் சரிபாதியாக உடையுங்கள். ஓடு விரிசல் விட்டால் அதைத் தள்ளிவிட்டு வேறொன்றை உடையுங்கள். விரிந்த சிரட்டை சலசலக்கும், குளம்பாகக் கேட்காது. பருப்பை முழுக்க எடுத்து, நாரைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டி, விளிம்பை உப்புத்தாளில் சமன்செய்து, நன்றாகக் காயவையுங்கள். ஈரச் சிரட்டை மொத்தென்றுதான் விழும். கண்ணுள்ள பாதியும் கண்ணில்லாத பாதியும் ஒரே சுருதியில் ஒலிக்காது. அது குறையில்லை, இரண்டு கால்களின் வேறுபாடு அதனால்தான் கிடைக்கிறது.

இரண்டடிக்கு ஒன்றரை அடி மரத்தட்டு ஒன்று செய்து, நடுவில் தடுப்பு வைத்து, ஒரு பாதியில் மணல், மறு பாதியில் பொடிச்சரளை போடுங்கள். வயல் வரப்புக்கு மணல், கப்பிச்சாலைக்குச் சரளை, கல் பாவிய தெருவுக்கு ஒரு கருங்கல் பலகை. கடற்கரை மணல் வேண்டாம். அதிலுள்ள உப்பு ஈரத்தைப் பிடித்து ஓசையைக் கொன்றுவிடும். ஆற்று மணலை அலசிக் காயவைத்துக்கொள்ளுங்கள்.

தவறு நடப்பது தாளத்தில்தான். நடக்கிற குதிரைக்குத் 'தகதிமி' என்று நான்கு சம அடி. துள்ளுநடைக்கு இரண்டு அடி. மிதமான ஓட்டத்துக்குத் 'தகிட' என்று மூன்று அடி, பிறகு ஒரு சிறு இடைவெளி. புதிதாகச் செய்கிறவர்கள் எல்லாவற்றுக்கும் 'டக் டக்' என்று இரண்டே அடி போடுவார்கள். குதிரை ஓடுகிறதென்று வசனம் சொல்லும், சிரட்டையில் அது துள்ளுநடை போட்டுக்கொண்டிருக்கும். குதிரை தூரத்திலிருந்து வருவதைக் காட்டச் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதோடு நில்லாதீர்கள். தட்டை மைக்கிலிருந்து ஆறடி தள்ளி வைத்துத் தொடங்கி, தட்டிக்கொண்டே ஒருவர் நகர்த்தட்டும்.

மழைக்கு மொரமொரப்பான தாளைச் சரித்துப் பிடித்து அரிசியை மெல்லச் சிந்துங்கள். அடியில் துணி விரிக்க மறந்தால் அரிசி மேசையில் விழும் ஓசை மழையைக் கெடுத்துவிடும். இடிக்கு இரண்டுக்கு நான்கு அடி மெல்லிய தகரத்தைத் தொங்கவிட்டு, கீழ் முனையைப் பிடித்து உலுக்குங்கள். கூரைக்குப் போடும் நெளிவுத் தகரம் உதவாது, நெளிவே அதை விறைக்கச் செய்துவிடும். பனியில் நடக்கும் காலடிக்கு அங்கே சோளமாவைத் தோல்பையில் கட்டிப் பிசைவார்கள். நீங்கள் மரச்சீனி மாவைத் துணிப்பையில் இறுக்கிக் கட்டிப் பிசையலாம். தீ எரிவதற்குப் பளபளக்கும் செலோஃபேன் தாளை மைக் அருகே மெதுவாகக் கசக்கினால் போதும்.

கடலுக்கு ஒரு பெரிய முறத்தில் காய்ந்த பயறு இரண்டு கைப்பிடி. முறத்தைச் சாய்த்து உருட்ட வேண்டும். ஒரு அலைக்கு எட்டு முதல் பத்து விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். ஏறுவது மெதுவாக, உடைவது ஒரே உலுக்கில், வடிவது எல்லாவற்றையும்விட மெதுவாக. அவசரப்பட்டால் அரிசி புடைக்கிற சத்தம்தான் வரும். முட்டம் பாறையில் அலை மோதுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் உங்கள் அரங்கில் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

டெலிபோன் குரலுக்கு ஒரு கண்ணாடி டம்ளர். 'இட்மா' என்ற பி.பி.சி. நகைச்சுவை நிகழ்ச்சியில் ஃபுன்ஃப் என்ற ஜெர்மன் ஒற்றன் போனில் பேசுவான். நடிகர் ஜாக் டிரெய்ன் அந்தக் குரலை ஒரு டம்ளருக்குள் பேசித்தான் கொண்டுவந்தார். டம்ளரின் உட்குழி சில அலைவெண்களை மட்டும் எடுப்பாக்கும், மற்றவை மங்கிவிடும். போனும் அதைத்தானே செய்கிறது? டம்ளரை வாயோடு ஒட்டாமல் ஒரு விரல் இடைவெளி விட்டு, மைக்குக்குப் பக்கவாட்டில் பிடியுங்கள். எவர்சில்வர் டம்ளரில் கிணுகிணுப்பு சேர்ந்துவிடும்.

மைக் பற்றியும் சொல்ல வேண்டும். அன்றைய பி.பி.சி.யின் ரிப்பன் மைக் முன்னும் பின்னும் கேட்கும், இரு பக்கவாட்டிலும் கேட்காது. நடிகர்கள் எதிரெதிரே நின்று பேசுவார்கள். அறையை விட்டுப் போகிறவர் பேசிக்கொண்டே பக்கவாட்டுக்கு நகர்வார், குரல் தானாகத் தேய்ந்துவிடும். உங்களுக்கு வாடகைக்குக் கிடைக்கும் மேடை மைக் முன்பக்கம் மட்டும்தான் கேட்கும். அதனால் எல்லோரும் ஒரே பக்கம் அரைவட்டமாக நிற்க வேண்டும். சாதாரணப் பேச்சுக்கு ஒரு சாண், கத்தலுக்கு இரண்டு முழம் தள்ளி, ரகசியத்துக்கு நான்கு விரல். ப வரும் சொற்களை நேராகப் பேசினால் மைக்கில் காற்று முட்டும், முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொள்ளச் சொல்லுங்கள். பிரதியை ஒருபக்கம் மட்டும் அச்சிட்டு, பின் அடிக்காமல் தனித்தாளாக வைத்திருக்கட்டும். முடிந்த தாளைப் புரட்டாமல் பக்கத்தில் நழுவவிட வேண்டும். இருபது பேர் ஒத்திகை பார்த்த நாடகத்தைத் தாள் சரசரப்பு ஒன்றே கெடுத்துவிடும்.

25 நிமிடம் என்றால் 21, 22 நிமிடத்துக்கு மட்டும் எழுதுங்கள். மிச்சம் சிரிப்புக்கு. சிரிப்பு அடங்கத் தொடங்கும்போது அடுத்த வரியை எடுக்க வேண்டும். முழுக்க அடங்கும்வரை நின்றால் தொய்வு விழும், முந்தினால் வரி காணாமல் போகும்.

'இட்மா'வில் ஒரே வசனத்தை வாராவாரம் சொல்லியும் மக்கள் சிரித்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதெப்படி அலுக்காமல் போனது?
வாசகர், சுசீந்திரம்

'இட்ஸ் தட் மேன் அகெய்ன்' என்பதன் சுருக்கம்தான் இட்மா. டாமி ஹேண்ட்லி நாயகன், டெட் கவனா எழுதினார், ஃபிரான்சிஸ் வொர்ஸ்லி தயாரித்தார். 1939 ஜூலையில் தொடங்கியது. 1949 ஜனவரியில் ஹேண்ட்லி இறந்ததும் நின்றது.

அதன் பொறி ஒரு கதவு. கதவு திறக்கும் சத்தம், ஒரு பாத்திரம் நுழையும், தன் வரியைச் சொல்லும், ஹேண்ட்லி பதில் கொடுப்பார், கதவு சாத்தும். பெருக்க வரும் மிசஸ் மாப் "கேன் ஐ டூ யூ நவ், சார்?" என்பாள். எதைச் சொன்னாலும் குடிக்கக் கூப்பிட்டதாக எடுத்துக்கொண்டு கர்னல் சின்ஸ்ட்ராப் "ஐ டோன்ட் மைன்ட் இஃப் ஐ டூ" என்பார். முகம் தெரியாத ரேடியோவில் வந்திருப்பவர் யார் என்று கேட்பவருக்கு ஒரே விநாடியில் தெரிய வேண்டும். அந்த வரி பாத்திரத்தின் வேட்டி, மீசை, நடை எல்லாமே. வரி அதேதான், ஆனால் அது வந்து சேரும் வழி ஒவ்வொரு வாரமும் வேறு. எந்த வளைவில் அது வந்து விழும் என்று ஜனங்கள் காத்திருந்தார்கள்.

நம் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுக் கேட்டவர்களுக்கு இது புதிதில்லை. புலவர் ஒரு வரி சொல்வார், பின்பாட்டுக்காரர் "ஆமா" என்பார். அந்த 'ஆமா'வில் எத்தனை தினுசு! நம்பிக்கை, சந்தேகம், கிண்டல், பயம் எல்லாம் அந்த இரண்டெழுத்தில் வரும். ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டை மேடைக்கும் திரைக்கும் கொண்டுபோனபோது இந்தக் கேள்வி பதில் வேகத்தைத்தான் கூட எடுத்துப்போனார். காதால் சிரிக்கவைக்கும் கலையில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை.

பொம்மையை வைத்துப் பேசும் கலைஞர் ரேடியோவில் எப்படி? உதடு அசைவது யாருக்கும் தெரியாதே!
வாசகி, நாகர்கோவில்

'எஜுகேட்டிங் ஆர்ச்சி' 1950ல் தொடங்கியது. பீட்டர் பிரஃப், அவருடைய பொம்மைச் சிறுவன் ஆர்ச்சி ஆண்ட்ரூஸ். கேட்பவர்களுக்கு ஆர்ச்சி பொம்மையே இல்லை, வாய்த்துடுக்கான ஒரு பையன். அவனுக்குப் பாடம் சொல்ல வருகிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். டோனி ஹான்காக், மேக்ஸ் பைகிரேவ்ஸ் எல்லாம் அங்கே பேரெடுத்தவர்கள்தான். சிறுமியாக இருந்த ஜூலி ஆண்ட்ரூஸும் அதில் பாடினார். பிரஃப் உதட்டை அசைக்காமல் பேசுவதில் அவ்வளவு தேர்ந்தவர் இல்லை என்பது தொலைக்காட்சிக்கு வந்தபோது தெரிந்துபோனது. ரேடியோவுக்கு வேண்டியது குரல் வேறுபாடும் நேரமும்தான். அவை அவரிடம் இருந்தன.

'தி ஆர்ச்சர்ஸ்' விவசாயிகளுக்காகத் தொடங்கிய நாடகமா? நம் 'வீடும் வயலும்' போலவா?
வாசகர், தோவாளை

நோக்கம் அதேதான், வடிவம் வேறு. போர் முடிந்தும் பிரிட்டனில் உணவுப் பங்கீடு 1954 வரை நீடித்தது. விளைச்சலைக் கூட்டும் முறைகளைச் சின்ன விவசாயிகளிடம் சேர்க்க வேண்டியிருந்தது. பேச்சு நிகழ்ச்சிகளைக் கேட்க ஆளில்லை. அதே நாள்களில் மாலை 6.45க்கு வந்த 'டிக் பார்ட்டன்' என்ற துப்பறியும் தொடருக்கு நாடே காது கொடுத்தது. விவசாயத்துக்கும் ஒரு டிக் பார்ட்டன் வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் விவசாயி ஒருவரே சொன்னார். பி.பி.சி. தயாரிப்பாளர் காட்ஃப்ரி பேஸ்லி அதைப் பிடித்துக்கொண்டார். 1950ல் வட்டார அளவில் சோதனை, 1951 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும், வாரத்தில் ஐந்து நாள், 15 நிமிடம்.

மாட்டு நோய், உரம், விதை எல்லாம் குடும்பச் சண்டையின் ஊடே வந்துவிழும். அப்பன் மகனிடம் கோபப்படுவது கதை, கோபத்துக்குக் காரணம் பால் கறவை முறை. அறிவுரை தனியே துருத்திக்கொண்டு நின்ற காட்சிகள்தான் தோற்றன. 1955 செப்டம்பர் 22 அன்று, வணிகத் தொலைக்காட்சி தொடங்கிய அதே இரவில், கிரேஸ் ஆர்ச்சர் என்ற பாத்திரத்தைத் தீ விபத்தில் சாகவைத்தார்கள். நிஜமாகவே ஒரு சாவு விழுந்ததுபோல் மக்கள் துக்கப்பட்டார்கள். தொடர் இன்றும் ஓடுகிறது.

எங்கள் முந்திரி ஆலையில் பாட்டுப் போட்டால் வேலை கெடும் என்கிறார் மேற்பார்வையாளர். பிரிட்டனில் ஆலைகளுக்கென்றே பாட்டு ஒலிபரப்பினார்களாமே?
வாசகி, கருங்கல்

'மியூசிக் வைல் யூ வொர்க்', 1940 ஜூன் 23 முதல் 1967 வரை. காலையில் அரைமணி, பிற்பகலில் அரைமணி. நாள் முழுக்க இல்லை, கவனிக்கவும். அலுப்புத் தட்டும் நேரம் பார்த்துப் போட்டார்கள். வேகம் சட்டென்று மாறக் கூடாது, இயந்திரச் சத்தத்தை மீறி மெட்டுக் கேட்க வேண்டும், பெரும்பாலும் குரல் இல்லாத வாத்திய இசை. கைதட்டல் வரும் ஒரு அமெரிக்கப் பாட்டைத் தடையே செய்தார்கள். தட்டுவதற்காகத் தொழிலாளர்கள் கைவேலையை விட்டுவிடுவார்கள் என்று. வரியைக் காது பின்தொடர்ந்தால் கை தாமதிக்கும். உங்கள் மேற்பார்வையாளரிடம் நாதஸ்வரமோ வீணையோ அரைமணி கேட்டுப் பாருங்கள்.

பாட்டா மலேயாவிலிருந்து கொண்டுவந்த புஷ் வால்வ் ரேடியோ பரணில் இருக்கிறது. பிளக்கில் மாட்டிப் பார்க்கலாமா?
வாசகர், இரணியல்

மாட்டவே மாட்டாதீர்கள். பல வருடம் சும்மா கிடந்த செட்டில் மின்தேக்கிகள் கெட்டிருக்கும். நேரடியாக 230 வோல்ட் கொடுத்தால் முதல் நிமிடத்திலேயே, இன்று கிடைப்பதற்கு அரிதான பாகங்கள் கருகிவிடும்.

முதலில் பின்பலகையைப் பார்த்து, 'ஏ.சி.' மட்டுமா, 'ஏ.சி./டி.சி.' என்றா எழுதியிருக்கிறது என்று பாருங்கள். டி.ஏ.சி. 90ஏ போன்ற புஷ் மாடல்கள் இரண்டாம் வகை. அவற்றில் மின்வழங்கிக்கென்று மின்மாற்றி கிடையாது. உள்ளே இருக்கும் இரும்புச் சட்டமே மின்கம்பியோடு இணைந்திருக்கும். பிளக்கைத் திருப்பி மாட்டினால் சட்டம் முழுக்க உயிர் மின்சாரம். குமிழின் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை, அதற்குள் ஒரு திருகு, அதன்மேல் மெழுகு அடைத்திருப்பதைப் பாருங்கள். அந்தத் திருகைத் தொட்டால் சட்டத்தைத் தொட்டதுபோல என்பதால்தான் மெழுகு. உதிர்ந்திருந்தால் திரும்ப அடைக்க வேண்டும். இந்த வகைச் சட்டத்தைத் தரையிணைப்பில் கட்டக் கூடாது. செல்போனைக் கம்பி வழியே இதில் இணைக்கவும் கூடாது.

வால்வ் செட் பழகிய மெக்கானிக்கிடம் கொடுத்து, இந்த வரிசையில் செய்யச் சொல்லுங்கள். முதலில் உள்ளே தூசியும் பல்லி முட்டையும் அகற்றி, ரப்பர் உரை உதிர்ந்த கம்பிகளை மாற்ற வேண்டும். அடுத்து, வெளியீட்டு வால்வின் கிரிட்டுக்கு (வால்வில் ஓடும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) போகும் இணைப்பு மின்தேக்கி. பெரும்பாலும் 0.01 மைக்ரோஃபாரட், மெழுகுத்தாள் வகை. இது கசிந்தால் கிரிட்டில் நேர் மின்னழுத்தம் ஏறி, வால்வ் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்து, அதோடு வெளியீட்டு மின்மாற்றியும் எரியும். சோதித்துப் பார்த்துக்கொண்டிராமல் 630 வோல்ட் பாலியெஸ்டர் ஒன்றைப் போட்டுவிடுவது நல்லது. ஏரியல் துளையில் இருக்கும் மின்தேக்கியையும் மாற்றச் சொல்லுங்கள், அது கசிந்தால் ஏரியல் கம்பியே ஷாக் அடிக்கும். மின்வழங்கிப் பகுதியின் பெரிய மின்தேக்கிகளுக்குப் பதில் போடும்போது பழைய அளவையே வைக்க வேண்டும். பெரிதாகப் போட்டால் இரைச்சல் குறையுமென்று நினைத்து 200 மைக்ரோஃபாரட் வைப்பவர்கள் உண்டு, ஏ.சி.யை டி.சி.யாக்கும் ரெக்டிஃபயர் வால்வ் அதைத் தாங்காது.

பிறகு 60 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்து மின்சாரம் கொடுக்கட்டும். எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது. இழை ஒளிர்ந்து மெல்ல மங்கினால் நல்லது. மங்காமல் பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே எங்கோ குறுக்குச்சுற்று, உடனே அணைக்க வேண்டும். வால்வுகள் சூடேற அரை நிமிடமாவது ஆகும், அதற்குள் பேசவில்லை என்று குமிழைத் திருகாதீர்கள்.

இவற்றில் எதை முதலில் கேட்பது? ஆங்கிலம் ஓரளவுதான் தெரியும்.
வாசகி, குலசேகரம்

'ஹான்காக்ஸ் ஹாஃப் அவர்'. 1954 முதல் 1959 வரை ரேடியோவில் வந்தது, ரே கால்ட்டனும் ஆலன் சிம்ப்சனும் எழுதியது. நடுவில் பாட்டு நுழையாத, ஒரே கதையாக ஓடும் அரைமணி. பேச்சு நிதானம். 1958ல் வந்த ஞாயிற்றுக்கிழமை மதிய அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செய்ய வேலையில்லாமல் நான்கு பேர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பெருமூச்சு, நீண்ட மௌனம், மறுபடி பெருமூச்சு. மௌனத்தையே நகைச்சுவையாக்கிய துணிச்சல் அது.

'தி கூன் ஷோ'வைக் கடைசிக்கு வையுங்கள். அகமத்நகரில் பிறந்த ஸ்பைக் மில்லிகன் எழுதியது, 1951 முதல் 1960 வரை வந்தது. ஒலி விளையாட்டில் அதை மிஞ்ச ஆளில்லை. மேஜர் பிளட்நாக்கின் வயிற்றுப் பொருமலுக்கு பி.பி.சி.யின் ஒலிப் பட்டறையான ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்பே தனி ஒலி செய்துகொடுத்தது. ஆனால் வேகம் அதிகம், காதுக்குப் பழக்கம் வேண்டும். அதில் வரும் லால்காக்கா, பானர்ஜி என்ற இரண்டு இந்தியப் பாத்திரங்கள் நம் உச்சரிப்பைக் கேலி செய்பவை. அந்த இடங்கள் உறுத்தும். முதல் முறை கேட்கும்போது எழுத்துப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.